கார்டும் இருக்கு, கடனும் இருக்கு

போன மாதம் கேன்சர் செலவு பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டன. சர்க்கரை, மூட்டுவலிக் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டில் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரங்க எல்லாரும் "உங்களுக்கென்ன, எல்லாம் ஃப்ரீதானே" என்கிறார்கள். ஆனால் என் செயினும் அம்மா வளையலும் அடகுக்கடையில் இருக்கு, 1,20,000 ரூபாய்க்கு. அந்தப் பணம் எங்கே போச்சு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. நாங்கள்தான் கணக்கு வழக்கு இல்லாமல் செலவழிக்கிறோமா? – வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இல்லை தங்கச்சி, நீங்கள் ஊதாரி இல்லை. கார்டு எதற்குப் பணம் கட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை என்பது உண்மைதான். ஆனால் அது ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று வரையறுத்த சிகிச்சைக்கு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிற பணம், உங்கள் கையில் ஒரு ரூபாய் வராது. கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து கார்டில் அங்கீகாரம் வாங்கிய நாள் வரைக்கும் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூர் டாக்டர், மேமோகிராம், ஊசி குத்தி எடுத்த சதைப் பரிசோதனை, "எதுக்கும் இன்னொரு டாக்டரிடம் காட்டிடுவோம்" என்று மாமாவோ சித்தப்பாவோ கூட்டிக்கொண்டு போன இடம், இதெல்லாம் பெரும்பாலும் கைக்காசு. அடகுச் சீட்டில் இருக்கிற தேதியைப் பாருங்கள், முதல் நகை அந்தச் சமயத்தில்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வண்டி. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, சரி. ஆனால் கீமோ ஏற்றின அன்று சாயங்காலம் குமட்டலோடு இருக்கிற ஒருவரை நின்றுகொண்டு கூட்டத்தில் கூட்டி வர முடியுமா? கார் பிடிக்கத்தான் செய்வீர்கள். பிடிக்கவும் வேண்டும். கூட வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கிற ஹைகிரவுண்டு பக்கத்து ஓட்டலில் இரண்டு வேளைச் சாப்பாடு. கீமோவுக்கு அப்புறம் வெள்ளையணு இறங்கி ராத்திரி காய்ச்சல் வந்தால், கார்டு செல்லுகிற ஆஸ்பத்திரி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது, பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஓடுவீர்கள், அந்த பில்லும் கைக்காசுதான். (அந்தக் காய்ச்சலைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.) முட்டை, பழம், சத்து மாவு, வீட்டில் இருந்த ஒருவர் வேலைக்குப் போகாத நாள்கள். கடைசியாக வட்டி. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. சொந்தக்காரர்கள் கண்ணில் இதில் எதுவுமே படாது, அவர்கள் பார்ப்பது ஆஸ்பத்திரி பில்லை மட்டும்தான், அதில் பூஜ்யம் போட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்த காலத்தில் நான் எல்லாக் குடும்பத்துக்கும் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன செலவு, கூடப் போனது யார், அவருக்கு அன்று என்ன வேலை போச்சு, இவ்வளவும் எழுதிவிட்டு ஓரத்தில் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். சம்பளமா, சேமிப்பா, சீட்டா, கைமாற்றா, நகையா. ஆஸ்பத்திரிக்காரருக்கோ ஆராய்ச்சிக்காரருக்கோ அந்த ஓரக் குறிப்பைக் காட்டினால் போதும், வீட்டு நிலவரம் உடனே புரிந்துவிடும். சம்பளத்தில் 5,000 செலவழித்த வீடும் தாலிச் சங்கிலியை வைத்து 5,000 செலவழித்த வீடும் ஒன்றா?

கார்டைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இலிருந்து இப்போதைய பெயரில் நடக்கிற இந்தத் திட்டம் இல்லாவிட்டால் நகையோடு போயிருக்காது, வீட்டுப் பத்திரமும் போயிருக்கும். "ஃப்ரீதானே" என்று சொல்லும் வாயைத்தான் குறை சொல்கிறேன்.

கேள்வி: பாளையங்கோட்டையில் நர்சிங் முதுகலை படிக்கிறேன். வலி பத்துக்கு எத்தனை என்று நோயாளியிடம் கேட்டு எழுதுகிறோம். அதுபோலப் பணக் கஷ்டத்துக்கும் மார்க் போட வெளிநாட்டில் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்களாம். அது எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊரில் அதை வைத்து ஆய்வு செய்தால் சரியாக வருமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, பதில் கொஞ்சம் நீளும்.

மருந்துக்குப் பக்கவிளைவு இருப்பது போல மருந்தின் விலைக்கும் பக்கவிளைவு உண்டு, அதையும் நச்சு என்றே சொல்ல வேண்டும் என்று 2013 வாக்கில் அமெரிக்காவில் ஜாஃபர், அபெர்நெத்தி என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த வருடமே சிகாகோவில் ஜோனஸ் டி சூஸா என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், முற்றிய நிலைப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த 155 நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு ஒரு தாளை உருவாக்கினார்கள். அதற்கு 'காஸ்ட்' என்று பெயர். மொத்தம் 11 வாக்கியம். "கையிலிருந்து போகிற மருத்துவச் செலவு நான் நினைத்ததைவிட அதிகம்", "மாதச் செலவைச் சமாளிக்க முடிகிறது", "முன்பு போல வேலை செய்து சம்பாதிக்க முடியவில்லையே என்று வெறுப்பாக இருக்கிறது" என்கிற மாதிரி. கடந்த ஏழு நாளில் இது உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பு. கூட்டினால் அதிகபட்சம் 44. இதில் மார்க் குறையக் குறையத்தான் கஷ்டம் அதிகம், அதனால் சில வாக்கியங்களுக்கு எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் உங்கள் ஆய்வே தலைகீழாகிவிடும். 2017-இல் 233 நோயாளிகளிடம் வைத்துப் பார்த்து இந்தத் தாள் நம்பத் தகுந்ததுதான் என்றும் காட்டிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, தாள் பில்லைக் கேட்பதில்லை, ஆளைக் கேட்கிறது. ஆனால் நம்ம பக்கத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் சில இடத்தில் இடிக்கும். ஏழு நாள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற நெல் போகங்களை நம்பி இருக்கிற குடும்பத்திடம், பிசானம் அறுத்து நெல்லைப் போட்ட பங்குனி வாரத்தில் கேட்டால் ஒரு பதில், விதைக்கவே கடன் வாங்கிய ஐப்பசியில் கேட்டால் வேறு பதில். நோய் அதேதான், கடனும் அதேதான், மார்க் மட்டும் மாறும். "ஓய்வுக்காலச் சேமிப்பு, சொத்து எல்லாம் சேர்த்துச் சிகிச்சைக்குப் போதுமான பணம் இருக்கிறது" என்று ஒரு வாக்கியம் வருகிறது. களக்காட்டில் வாழைத்தார் சுமக்கிறவரிடம் இதைப் படித்துக் காட்டினால் சிரித்துவிடுவார். அவருடைய சேமிப்பு சீட்டிலும் மனைவி கழுத்திலும் இருக்கிறது.

அதற்காக நீங்களே வாக்கியத்தை மாற்றி எழுதிவிட வேண்டாம், மாற்றினால் மற்ற ஊர் ஆய்வோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். தாளை முறையாக அனுமதி வாங்கி அப்படியே பயன்படுத்துங்கள். கூடவே தனியாக நம்ம ஊர்க் கேள்விகள் நாலைந்து சேருங்கள். நகை அடகில் இருக்கிறதா, வட்டிக்கு வாங்கியதா, பிள்ளை படிப்பு நின்றதா, காசில்லாமல் ஒரு கீமோ தேதியாவது தள்ளிப் போனதா. ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், நோய் தெரிந்த புதிதில் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, சிகிச்சை "முடிந்த" பிறகும் ஒரு தடவை கேளுங்கள். சில மார்பகப் புற்றுநோய்களுக்கு மாத்திரை மட்டுமே ஐந்து முதல் பத்து வருடம் ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

இன்னொன்று, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாயிடம் இந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள். "எனக்கென்ன குறை, எம் பிள்ளை ராசா மாதிரி பார்க்கான்" என்றுதான் பதில் வரும், முழு மார்க். மகனை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்டால்தான், தன்னால் பேத்தியின் கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று ராத்திரி தூங்காமல் கிடப்பது வெளியே வரும்.

பொருளாதார நிபுணர்களுக்கு வேறு அளவுகோல் உண்டு. கைக்காசில் போன மருத்துவச் செலவு வீட்டின் மொத்தச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ 25 சதவீதத்தைத் தாண்டினாலோ அதைப் பேரிடர்ச் செலவு என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் பல வருடம் வைத்திருந்த எல்லைகள் இவை. உணவு போன்ற அத்தியாவசியம் போக மிச்சத்தில் 40 சதவீதம் என்றும் ஒரு கணக்கு உண்டு. மாதம் 12,000 செலவழிக்கிற வீட்டுக்கு வருடத்தில் 1,44,000. அதில் பத்து சதவீதம் 14,400. மேலே கல்லிடைக்குறிச்சி தங்கச்சி கட்டுகிற வட்டி எவ்வளவு? அதே 14,400! ஆனால் வழக்கமான கணக்கில் வட்டி சேராது, கார் வாடகை சேராது, போன கூலியும் சேராது. கார்டில் சிகிச்சை நடப்பதால் அந்த வீடு 'பேரிடர் இல்லை' என்கிற கட்டத்தில்தான் போய் உட்காரவும் கூடும்.

இதைவிட மோசமான ஓட்டை ஒன்று இருக்கிறது. மூன்றாவது கீமோவோடு "போதும்பா" என்று வீட்டுக்குப் போனவருக்கு அதற்கப்புறம் செலவே இல்லை. செலவை மட்டும் அளந்தால் அவர் கஷ்டம் தீர்ந்தவர். சிகிச்சையை விட்டவர்களையும் இறந்தவர்களையும் கூடவே எண்ணாத எந்த ஆய்வையும் நான் நம்ப மாட்டேன். 2015-இல் வெளிவந்த தென்கிழக்கு ஆசிய ஆய்வு ஒன்று இதைச் சரியாகச் செய்தது. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் உள்ளிட்ட எட்டு நாடுகளில் 9,513 நோயாளிகளை, நோய் கண்டுபிடித்ததிலிருந்து ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். வருட வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் கைக்காசு போனால் பேரிடர் என்று வைத்துக்கொண்டார்கள். வருட முடிவில் 29 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள், 48 சதவீதம் பேர் உயிரோடு இருந்தாலும் பணப் பேரிடரில், இரண்டிலும் சிக்காதவர்கள் 23 சதவீதம்தான். நாலில் ஒருவர்கூட இல்லை.

தம்பி, கடைசியாக ஒன்று. கேட்டு, மார்க் போட்டு, கட்டுரை எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். மார்க் மிகவும் குறைவாக வந்தால் அன்றைக்கே காப்பீட்டுப் பிரிவுக்கோ சமூகப் பணியாளரிடமோ அனுப்ப ஒரு ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் ஆய்வைத் தொடங்குங்கள். அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினவரிடம் "நன்றி" சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: மருந்து விலை, செலவு எல்லாம் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாமா? கேட்டால் காசில்லாத பார்ட்டி என்று மட்டமான மருந்தை எழுதிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கேட்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். உங்கள் வீட்டு நிலவரம் டாக்டருக்குத் தெரியாது, ஊர் எவ்வளவு தூரம் என்பதுகூடத் தெரியாது. தெரிந்தால் அவரால் செய்யக்கூடியது நிறைய உண்டு. மார்பகத்துக்குக் கதிர்வீச்சு என்றால் முன்பெல்லாம் 25 நாள், வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு 15 தடவையில், மூன்று வாரத்தில் முடிப்பது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தகுந்த சிலருக்கு ஐந்தே தடவையில் முடிக்கலாம் என்றும் 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. எல்லாருக்கும் ஒத்துவராது, முடிவு டாக்டருடையது. ஆனால் சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினம் போய்வருகிறவருக்குப் பத்து நாள் போக்குவரத்தும் கூட வருகிறவரின் பத்து நாள் கூலியும் மிச்சமாவது சின்ன விஷயமா? "இதைக் குறைந்த நாளில் முடிக்க வழி உண்டா சார்?" என்று கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மருந்தும் அப்படித்தான். அதே மருந்து வேறு கம்பெனியில் விலை குறைவாகக் கிடைக்கும், சில மார்பகப் புற்றுநோய்களுக்குப் போடுகிற டிராஸ்டுசுமாப் போன்ற ஊசிகளுக்கு இந்தியாவிலேயே செய்கிற இணை மருந்துகள் இருக்கின்றன. அட்டையில் அச்சடித்த விலையும் ஆஸ்பத்திரி வாங்குகிற விலையும் எவ்வளவு தள்ளி இருந்தன என்பது மத்திய அரசுக்கே தெரிந்துதான் 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். விலை குறைவு என்றால் மட்டம் என்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும், அது கஷ்டமான கேள்வி. இந்த மருந்து நோயைக் குணமாக்கவா, இல்லை சில மாதம் கூடுதலாகத் தரவா? குணமாக்கத்தான் என்றால் நிலத்தை விற்றாவது செய்யலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சில மாதத்துக்கு என்றால், நிலத்தை விற்பதா என்பதை நோயாளியும் உட்கார்ந்து பேச வேண்டும். அவரிடம் மறைத்துவிட்டுப் பிள்ளைகள் மட்டும் பேசி விற்ற நிலத்துக்காகப் பின்னால் நடந்த சண்டைகள் எனக்குத் தெரியும், எழுத மனசில்லை.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். அப்பாவுக்குத் தொண்டையில் கேன்சர், மூக்கு வழியாக டியூப் போட்டிருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கஞ்சி கரைத்து ஊற்றணும். அண்ணன்மார் இரண்டு பேரும் வெளியூரில், பணம் அனுப்புகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "செலவெல்லாம் எங்க தலையில்" என்று மதினி போனில் சொல்லும்போது மனசு வலிக்கிறது. முன்பு ஒரு நாளைக்கு 800 பீடி சுற்றுவேன், இப்போது 300 சுற்றவே இழுபறி. இதைக் கணக்காகச் சொன்னால் பெத்த அப்பாவுக்குக் கூலி கேட்கிற மாதிரி ஆகாதா? – வாசகி, ஆலங்குளம் பக்கம்

பதில்: ஆகாது தாயி. நாளைக்கு 500 பீடி குறைகிறது, மாதம் 25 நாள் என்றால் 12,500. ஆயிரத்துக்கு உங்கள் கூலி என்னவோ அதைப் பன்னிரண்டரையால் பெருக்குங்கள். அதுதான் நீங்கள் மாதாமாதம் அப்பாவுக்குப் போடுகிற பணம், மணியார்டரில் வராததால் யாருக்கும் தெரியவில்லை. இது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது: நீங்கள் இல்லையென்றால் டியூபில் ஊற்ற, துடைக்க, ராத்திரி விழித்திருக்க ஒரு ஆளைப் போட்டால் என்ன கேட்பார்கள்? வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் இந்த இரண்டு வழியில்தான் வீட்டுப் பெண்களின் வேலையை அளக்கிறார்கள். அண்ணனிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். பில்லெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவீர்கள் இல்லையா, அதோடு இந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மதினியும் கணக்குப் பார்க்கிறவர்தானே, புரியும்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் போய் விசாரியுங்கள், உங்கள் பக்கத்துக்கு முக்கூடலில் ஆஸ்பத்திரியே இருக்கிறது. தொழிலாளியைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் புற்றுநோய்ச் செலவைத் திருப்பித் தருகிற ஏற்பாடு அவர்களிடம் உண்டு. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் பார்த்திருக்க வேண்டும், ஒரிஜினல் பில் வேண்டும், ஆகையால் எதையும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். பி.எஃப். பிடித்தம் இருந்தால் அதிலிருந்தும் முன்பணம் எடுக்க வழி இருக்கிறது, வட்டிக்கு வாங்குவதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

கேள்வி: வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) மாதாமாதம் போய் வருகிறோம். கேன்சர் நோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு என்கிறார்கள், உண்மையா? கார்டு அங்கே செல்லுமா?

பதில்: ரயில் சலுகை உண்மை. சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போய் வரும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஸ்டேஷன் முன்பதிவு கவுண்டரில் காட்ட வேண்டும். தெரியாமல் இத்தனை நாள் முழு டிக்கெட் எடுத்தவர்கள் நம்ம பக்கத்தில் ஏராளம். படிவத்தை இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயத்தை மட்டும் யார் வாய்ச்சொல்லையும் நம்பிப் போகாதீர்கள். வேறு மாநிலத்தில் செல்லுமா என்பது உங்கள் கார்டு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அங்கேயே காப்பீட்டுப் பிரிவில் காட்டிக் கேளுங்கள். செல்லாது என்றால், இதுவரை பார்த்த ரிப்போர்ட்டுகளோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். பெரிய முடிவுகளுக்குத் திருவனந்தபுரம், மாதாமாதம் ஏற்றுகிற கீமோ இங்கே என்று இரண்டு டாக்டர்களும் சம்மதித்தால் பாதி அலைச்சல் குறையும்.